வலது கைப் பக்கம்

"நான் கேட்டது கைப்பிடி, சாரே. இடமாத்தம் கேக்கல்லியே."

இதைச் சொல்லிவிட்டுத்தான் எங்கள் கல்வி நிறுவனத்தின் அலுவலக ஊழியரான அவர் இடமாற்றத்துக்குக் கையெழுத்துப் போட்டார். கோப்பில் கையெழுத்து மட்டும்தான் இருக்கிறது. 'பணியாளரின் உடல்நிலையைக் கருதி, அவரது சம்மதத்துடன்' முதல் மாடித் தேர்வுப் பிரிவிலிருந்து தரைத்தளத் தபால் பிரிவுக்கு மாற்றம். வரைவு என்னுடையது. 'சம்மதத்துடன்' என்பதைச் சேர்த்தவனும் நான்தான்.

அவர் படியிறங்கும் விதத்தைப் பார்த்துத்தான் பயந்தேன். மொத்தம் 22 படி, நடுவில் ஒரு திருப்பம், கைப்பிடி உள்பக்கம் மட்டும். ஏறும்போது அது வலது கைக்கு வரும். இறங்கும்போது இடப்பக்கம் போய்விடும். அவருக்கு இளம்பிள்ளை வாதத்தில் இடது காலோடு இடது கையும் தளர்ந்தது. அதனால் முகத்தை மேல்நோக்கி வைத்து, அதே கம்பியை வலது கையால் பிடித்து, பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக இறங்குவார். விடைத்தாள் கட்டோடு யாராவது ஓடி வந்து இடித்தால்? மேற்பார்வையில் இருக்கும் எவருக்கும் வரும் பயம்தான் அது. அதை இப்போதும் மறுக்க மாட்டேன்.

ஆனால் அந்தப் படியில் அவர் ஒரு நாளும் விழுந்ததில்லை.

அந்த வருடம் நாங்கள் கட்டியது வாசல் சாய்தளம். தரைத்தளம் ரோட்டிலிருந்து 60 செ.மீ. உயரம். 1:12 சரிவு, அதாவது ஒரு பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம் என்றால், 7.2 மீட்டர் வேண்டும். முகப்பில் இருந்தது 5 மீட்டர். ஒப்பந்தக்காரர் அதற்குள்ளேயே அடக்கிவிட்டார். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1:8. அந்தச் சரிவில் சக்கர நாற்காலியைத் தானே தள்ளி ஏறுபவருக்குத் தோள் போகும், நாற்காலி பின்னால் சாயவும் செய்யும். போதாததற்கு மேலே பளபளப்புக் கிரானைட். ஆனி ஆடி மழை, பிறகு ஐப்பசி கார்த்திகை மழை என்று இரண்டு பருவமும் பெய்கிற குமரி மாவட்டத்தில், நிழல் விழும் தரையில் பாசி பிடிக்க எத்தனை நாள் ஆகும்? உடைத்து, 1.5 மீட்டர் சதுரத் திருப்புமேடை வைத்து, ட வடிவில் திரும்பக் கட்டினோம். மேல்பரப்பு துடைப்பத்தால் கோடு இழுத்த சிமென்ட். பார்க்க அழகில்லை, வழுக்குவதுமில்லை. நாற்காலியில் வரும் மாணவர் ஒருவர் இப்போது யார் கையையும் எதிர்பார்க்காமல் வகுப்புக்குப் போகிறார். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அவருக்கு மட்டும் அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. முழங்கால் பூட்டிய காலிபர் (தளர்ந்த காலைத் தாங்கும் சட்டம்) போட்டவருக்குச் சாய்தளம் பெரும்பாலும் படியைவிடக் கஷ்டம். கால் மடங்காது, அதனால் இடுப்பிலிருந்து சுற்றி வீசித்தான் எடுத்து வைக்க வேண்டும். ஏறும்போது நுனி தட்டும். கணுக்காலும் அசையாதென்றால் இறங்கும்போது சரிவு உடம்பை முன்னால் தள்ளும். படியில் ஒவ்வொரு அடியும் சமதளம். நல்ல கால் முதலில் ஏறும், தளர்ந்த கால் முதலில் இறங்கும், பாரத்தைக் கை வாங்கிக்கொள்ளும். அதற்குக் கை பிடிக்க ஒரு கம்பி வேண்டும், அதுவும் சரியான பக்கத்தில். அவர் கேட்டதெல்லாம் அதுதான்.

அதைச் செய்யாததற்குக் காரணம் இருந்தது. பழைய கட்டிடம், சுவர் வெட்டுக்கல், அதாவது செம்புறைக்கல். துளைக்குள் விரிந்து பிடிக்கும் சாதாரண போல்ட்டை முறுக்கினால் கல் பொரிந்து துளை அகலமாகும். ஆள் பாரம் விழும் அன்றைக்குக் கம்பி கையோடு வந்துவிடும். "புடிக்காது சார்" என்றார் பொறியாளர். நான் அதோடு விட்டேன். சுவரைத் துளைத்து மறுபக்கம் தகடு வைத்து முறுக்கலாம், இல்லையென்றால் ரசாயனப் பசை ஊற்றி ஆணி இறக்கலாம் என்று பின்னால்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 40 மி.மீ. குழாய், படி விளிம்பிலிருந்து 80 முதல் 90 செ.மீ. உயரம், விரல் நுழைய சுவரிலிருந்து 5 செ.மீ. இடைவெளி, மேலும் கீழும் 30 செ.மீ. நீட்டி, நுனியைச் சுவர்ப்பக்கம் வளைத்துவிட வேண்டும். கடல் காற்றுக்குச் சாதா இரும்பு தாங்காது, துருப்பிடித்தால் உள்ளங்கையைக் கிழிக்கும். எவர்சில்வர் குழாய் போட்டோம். உடைத்த கிரானைட்டுக்கு ஆன செலவுகூட ஆகவில்லை. ஆனால் அவர் கீழே வந்து ஐந்து மாதம் கழித்து.

2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 'நியாயமான வசதி' என்பதைக் குறிப்பிட்ட ஒருவரின் நேர்வில் தேவையான, பொருத்தமான மாற்றம் என்கிறது. நிறுவனத்துக்கு அளவு மீறிய சுமை கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. இடமாற்றமும் ஒரு வசதிதானே என்று வாதாடலாம். சில சமயம் சரியான வசதியும் அதுதான். ஆனால் தேர்வுப் பிரிவில் மதிப்பூதியம் உண்டு, தபால் பிரிவில் கிடையாது. மதிப்பெண் பட்டியலில் ஒரு பிழை என்றால் எல்லோரும் அவர் மேசைக்குத்தான் போவார்கள். இப்போது அவர் அஞ்சல் தலை ஒட்டுகிறார்.

கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும் என்று எளிதாகச் சொல்லலாம். ஆனால் அதற்கு முந்தைய வருடங்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "ஒண்ணும் வேண்டாம் சாரே" என்பார். கேட்கிறவன் கையில் வேலை இருக்கும்போது அப்படித்தான் பதில் வரும் என்பதும் தெரியும். அவர் வாய் திறந்து ஒன்றைக் கேட்டது அந்த ஒரு முறைதான்.

கம்பி போட்டு முடித்த அன்று போய்ச் சொன்னேன். "நல்லது, பிள்ளையளுக்கு ஆகும்" என்றார். திரும்ப மேலே போகிறீர்களா என்று நான் கேட்கவில்லை. ஆமா என்று சொல்லிவிட்டால், அந்த இருக்கையில் இப்போது இருப்பவரை எங்கே போடுவது?