சவர்க்கார வாசம்

விசாகப் பௌர்ணமியன்று காலை ஏழரைக்கெல்லாம் லோரோங் பர்மாவுக்குப் போய்விட்டோம். நானும், என் வீட்டில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சூத்திர வாசிப்புக்கு வரும் ஒரு தம்பியும். அந்த நேரத்திலேயே சந்து நிறையச் செருப்புகள், தாமரை மொட்டு விற்கும் பெண்கள், ஊதுவத்திப் புகை. ஒரு பக்கம் சயாம் கோயில், எதிர்ப்பக்கம் பர்மாக்காரர் கோயில். தர்மிகாராமா என்ற அந்தப் பர்மியக் கோயில் 1803இல் எழுந்தது. எதிரே இருக்கும் வாட் சாயமங்களாராம் 1845இல் வந்தது. பினாங்கில் பிறந்து வளர்ந்தவன் நான். சின்ன வயதில் இரண்டையும் பேருந்து ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்திருக்கிறேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை, திருவிழாவுக்கு மாரியம்மன் கோயில், அதுதான் எங்கள் உலகம். இன்றும் அவற்றை விடவில்லை. புத்தர் சொன்ன தம்மம் ஐம்பது வயதுக்கு மேல்தான் என்னிடம் வந்தது.

முதலில் பர்மியக் கோயிலுக்குள் போனோம். முற்றத்தில் குழந்தைச் சித்தார்த்தரின் சிலைக்கு நீராட்ட வரிசை நின்றது. முன்னால் நின்ற சீனப் பாட்டி அகப்பையால் மூன்று முறை நீர் ஊற்றிவிட்டு, சிலையின் தோளில் ஒட்டியிருந்த பூவிதழை விரல் நுனியால் எடுத்துவிட்டார். பேரப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற கை அது. எனக்குப் பின்னால் ஆள் நெருக்கியதால் நான் அவசரமாக ஊற்றிவிட்டு நகர்ந்தேன். அந்தப் பாட்டியின் விரல் மட்டும் கண்ணிலேயே நின்றது.

சயாம் கோயிலில் கூட்டம் இன்னும் அதிகம். வாசலில் பல்லை இளித்துக்கொண்டு நாகங்கள். உள்ளே 33 மீட்டர் நீளத்தில் பொன்னிறமாகப் படுத்திருக்கிறார் புத்தர். வலக்கை தலைக்கு அணை, முகத்தில் அசைவில்லாத அமைதி. புத்தர் உடலை விட்டு நீங்கும் பரிநிர்வாணக் கோலம். சிலையைச் சுற்றிப் பின்பக்கம் போனால் சின்னச் சின்ன மாடங்கள். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவரின் அஸ்திக் கலசம், பெயர், புகைப்படம். கோட்டுப் போட்டவர், சட்டைப் பையில் பேனா குத்தியவர், கல்யாண நாளில் எடுத்ததுபோல் தலை சீவிய பெண்மணி. வாழ்நாளில் தன்னை எப்படிப் பார்க்கவேண்டும் என்று விரும்பினார்களோ அந்தப் படம். நான் அங்கே எப்போதும் கொஞ்சம் அதிக நேரம் நிற்பேன்.

நான் திரும்பி முன்பக்கம் வந்தபோது தம்பியைச் சுற்றி ஒரு தமிழ்க் குடும்பம் நின்றிருந்தது. கூலிமிலிருந்து வந்திருந்தார்கள். "சாமி ஏன் தம்பி படுத்திருக்காரு?" என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார். அதிலிருந்து பேச்சு வளர்ந்திருந்தது. நான் வந்து சேர்ந்தபோது அந்த அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்: "ஆசையைக்கூட விட்டுரலாம் தம்பி. இந்த 'நான்'ங்கிறதை எப்படி விடறது?"

தம்பி பாலி சூத்திரங்களில் வரும் கேமகரின் கதையை எடுத்தான்.

கோசாம்பி அருகே பதரிகாராமத்தில் கேமகர் என்ற பிக்கு நோயாய்க் கிடக்கிறார். கோசிதாராமத்து மூத்த பிக்குகள் தாசகர் என்பவரை அனுப்பி அவரிடம் கேட்கிறார்கள்: உடல், உணர்ச்சி, அடையாளம் காணும் குறிப்பு, மனவாக்கங்கள், அறிவு என்று மனிதனாய்ச் சேர்ந்திருக்கும் ஐந்து தொகுதிகளில், அதாவது கந்தங்களில், எதையாவது 'நான்' என்றோ 'என்னுடையது' என்றோ காண்கிறீரா? இல்லை என்கிறார். அப்படியானால் நீர் முழு விடுதலை பெற்ற அரகந்தரா என்று திருப்பி அனுப்புகிறார்கள். அதுவும் இல்லை என்கிறார். இவற்றில் ஒன்றையும் 'இது நான்' என்று நான் காணவில்லை. ஆனாலும் 'நான் இருக்கிறேன்' என்பது என்னை விட்டுப் போகவில்லை என்கிறார். தாசகர் இப்படிப் போவதும் வருவதுமாக இருக்க, கடைசியில் கேமகரே கைத்தடியை ஊன்றிக்கொண்டு நடந்து வந்துவிடுகிறார். பூவின் மணம் இதழிலா, காம்பிலா, மகரந்தத்திலா என்று கேட்டால் எப்படிப் பிரித்துச் சொல்வது என்று கேட்கிறார். பிறகு ஒரு துணியைச் சொல்கிறார். அழுக்குத் துணியைச் சலவைக்காரனிடம் கொடுக்கிறார்கள். அவன் உவர்மண்ணிலும் சாம்பல் காரத்திலும் சாணத்திலும் போட்டுக் கசக்கித் தெளிந்த நீரில் அலசுகிறான். துணி சுத்தமாகிவிட்டது. ஆனால் உவரின் வாசம், காரத்தின் வாசம், சாணத்தின் வாசம் அதில் மிச்சமிருக்கிறது. நறுமணப் பெட்டியில் வைத்த பிறகே அது போகிறது.

தம்பி நன்றாகவே சொன்னான். முடிக்கும்போது சொன்னான்: "தொவச்ச துணியில அழுக்கு போயிரும்மா, சவுக்காரம் போவாது. அதுக்கு மேல தேய்க்கக் கூடாது. வெயிலும் காத்தும்தான் வேணும்."

அந்த அம்மா கண் கலங்கிக் கும்பிட்டார். "எங்க தம்பி இதெல்லாம் படிச்சே?" என்றார். அவன் சிரித்துக்கொண்டு, "எல்லாம் தெரிஞ்சிக்கிட்டதுதான்மா" என்றான்.

என் நெஞ்சு சுட்டது. அது என் வாக்கியம். ஆறு வருடமாக என் வீட்டு வரவேற்பறையில் நான் சொல்லிவரும் வாக்கியம். பக்கத்தில் நிற்கும் என்னைக் காட்டி "சார் சொன்னது" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே. கிரீன் லேன் என்று நாங்கள் சொல்லும் ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் ஒரு தியான நிலையத்தில் பத்து நாள் மௌனமாக உட்கார்ந்தவன் நான். பர்மியத் துறவி மகாசி சயாடோ கற்பித்த முறை அது. வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனிக்கவேண்டும். மனத்தில் எது வந்தாலும் அதன் பெயரை மெல்லக் குறித்துக்கொள்ளவேண்டும். புத்தரின் பாதங்களுக்கு அருகே தரையில் உட்கார்ந்து அதைத்தான் செய்தேன். எரிகிறது, எரிகிறது. நினைக்கிறது, நினைக்கிறது. எரிச்சல் கொஞ்சம் அடங்கியது. உடனே, 'பார், எவ்வளவு சீக்கிரம் அடக்கிவிட்டேன்' என்று ஒன்று எழுந்தது. அதையும் குறித்தேன். குறித்துவிட்டேனே என்று இன்னொன்று எழுந்தது.

கேமகர் சொன்ன வாசம் இதுதான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அத்தனை வருடம் நான் அதை அழுக்கு என்றே நினைத்துவந்தேன். அழுக்கானால் தேய்க்கலாம். இது தேய்த்த காரத்தின் வாசம். தியானம் செய்தேன், வாசித்தேன், பிறருக்குச் சொன்னேன், அவற்றின் வாசம். இன்னும் கொஞ்சம் சவர்க்காரம் போட்டால் வாசம் கூடத்தான் செய்யும். அதனால்தான் கேமகர் வேறு வழி சொல்கிறார்: இது உடல், இது தோன்றுகிறது, இது மறைகிறது, இது உணர்ச்சி, இது தோன்றுகிறது, இது மறைகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பது. அவர் சொல்லி முடிக்கும்போது கேட்டிருந்த அறுபது மூத்த பிக்குகளும் விடுதலை பெற்றார்கள், கேமகரும் பெற்றார் என்கிறது அந்தச் சூத்திரம். சொன்னவருக்கும் சேர்த்தே அது மருந்தாக இருந்திருக்கிறது. இந்த வரியை நான் எத்தனையோ தடவை வேகமாக வாசித்துக் கடந்திருக்கிறேன்.

மதியம் பர்மியக் கோயிலில் அன்னதானம். சாப்பிட்டோம், தட்டு கழுவினோம். தம்பிக்கு மாலை வேலை இருந்ததால் அவனை அனுப்பிவிட்டு, நான் ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரைக்குப் போனேன். அது திட்டத்தில் இல்லாதது.

டோபி காட் என்பார்கள். எங்கள் பெரியவர்களுக்கு அது வண்ணாந்துறை. அங்கேதான் பிறந்தேன். தாத்தா காலத்தில் ஆற்றிலேயே துவைத்தார்கள், வெள்ளாவி வைத்தார்கள். பள்ளியில் என் சட்டை எல்லார் சட்டையையும்விட வெள்ளையாக இருக்கும். அதைப் பார்த்தே பையன்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்து, கையால் கசக்கிக்கொண்டு வகுப்புக்குள் போவேன். அப்பா என்ன வேலை என்று கேட்டால் கம்பெனியில் என்பேன். பிறகு படித்து வாத்தியாரானேன். காலம் மாறியது. மேடைகளில் "நான் ஒரு டோபியின் மகன்" என்று தொடங்கினால் கைதட்டல் வந்தது. பிறரைவிட உயர்ந்தவன் என்று எண்ணுவதும் மானம், அதாவது 'நான்' என்ற செருக்கு, சமமானவன் என்று எண்ணுவதும் மானம், தாழ்ந்தவன் என்று எண்ணுவதும் மானம் என்கிறார் புத்தர். முதலில் ஒன்றைச் சுமந்தேன், பிறகு மற்றதைச் சுமந்தேன். 'நான் யாராகத் தெரிகிறேன்' என்ற கவலை மட்டும் அன்றும் இன்றும் ஒன்றேதான்.

கொடிகளில் வெள்ளை விரிப்புகள் காற்றில் உப்பி ஆடின. நிழலுக்காக அவற்றின் நடுவே நின்றேன். அந்த வாசம் வந்தது. ஈரமும் சவர்க்காரமும் வெயிலும் கலந்த வாசம். அதோடு அப்பாவின் குரலும் வந்தது. நான் ஒரு துண்டை முகர்ந்துவிட்டு, இன்னொரு தரம் துவைக்கட்டுமா என்று கேட்டபோது அவர் சொன்னது. "அழுக்கு போயிருச்சுடா. சவுக்காரம்தான். இதுக்கு மேல தேய்க்காத. வெயிலும் காத்தும் பாத்துக்கும்."

ஆறு வருடத்தில் ஒருநாள்கூட, இது அப்பா சொன்னது என்று நான் சொன்னதில்லை.

கஞ்சி போட்ட சட்டைகளை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். முப்பது வயதிருக்கும்.

"துணி கொண்டாந்தீங்களாண்ணே?"

இங்கேதான் பிறந்தேன் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. வந்ததைக் கவனித்தேன்.

"இல்லப்பா. இந்த வழியா வந்தேன்."

"வெயிலா இருக்கு, அந்தப் பக்கம் நில்லுங்க" என்று ஒரு விரிப்பைத் தள்ளி எனக்கு இடம் விட்டுவிட்டு, அவர் அடுத்த சட்டையை எடுத்து உதறினார்.