சீட்டைக் கலைக்கும் வேலை இல்லாத ஆட்டங்கள்

நிண்டெண்டோ என்றதும் மீசைக்கார மரியோவை நினைப்பவர்களே நம்மில் அதிகம். ஆனால் 1889-ஆம் ஆண்டு கியோட்டோ நகரில் ஃபுசாஜிரோ யமவுச்சி அந்த நிறுவனத்தைத் தொடங்கியது சீட்டுக்கட்டு செய்து விற்பதற்காகத்தான். ஹனாஃபுடா எனப்படும் பூச்சீட்டில் ஆரம்பித்து, 1902-இல் மேலைநாட்டுச் சீட்டு, 1953-இல் பிளாஸ்டிக் சீட்டு, 1959-இல் டிஸ்னி பாத்திரங்கள் அச்சிட்ட சீட்டு என்று அடுத்தடுத்துச் சந்தைக்குக் கொண்டுவந்து வளர்ந்த நிறுவனம் அது. மின்னணு விளையாட்டுகளின் பக்கம் அது திரும்பியதெல்லாம் 1970-களில்தான். ஆகவே அதன் கையடக்கக் கருவிகளில் பழைய சீட்டாட்டங்களையும் பலகை ஆட்டங்களையும் தொகுத்து வெளியிட்டபோது, பிள்ளை அப்பாவின் கடைக்கே மறுபடி வந்து உட்கார்ந்தது போலத்தான் எனக்குத் தோன்றியது.

அப்படி இரண்டு தொகுப்புகள் என்னிடம் உள்ளன. முதலாவது, டிஎஸ் கருவிக்காக 2005-இல் ஜப்பானிலும் மறு ஆண்டு மற்ற நாடுகளிலும் வந்தது. ஐரோப்பாவில் '42 ஆல்-டைம் கிளாசிக்ஸ்', அமெரிக்காவில் 'கிளப்ஹவுஸ் கேம்ஸ்' என்று பெயர். இரண்டாவது, ஸ்விட்ச் கருவிக்காக 2020 ஜூன் 5 அன்று வந்த 51 ஆட்டங்களின் தொகுப்பு. 42-ஐ விட 51 பெரிது என்ற கணக்கில்தான் பலரும் இவற்றை ஒப்பிடுகிறார்கள். என்னைக் கேட்டால், எண்ணிக்கை இங்கே பேச்சே இல்லை. ஓர் ஆட்டத்தில் எந்தச் சுமையைக் கருவி நம்மிடமிருந்து வாங்கிக்கொள்கிறது, அதோடு சேர்த்து எதைப் பறித்துக்கொண்டு போகிறது என்பதைப் பொறுத்தே ஒவ்வோர் ஆட்டமும் திரையில் பிழைக்கிறது அல்லது செத்துப்போகிறது.

நன்றாகப் பிழைத்த ஆட்டம் ஹனாஃபுடா. ஒரு கட்டில் 48 சீட்டுகள். 12 மாதங்கள், மாதத்துக்கு நான்கு. ஜனவரிக்கு ஊசியிலை மரமும் கொக்கும், மார்ச்சுக்குச் செர்ரிப் பூ, ஆகஸ்டுக்குப் புல்மேட்டின் மேல் எழும் முழுநிலவு, நவம்பருக்கு மழையில் குடை பிடித்து நிற்கும் மனிதர். சீட்டில் எண் எதுவும் கிடையாது. படத்தைப் பார்த்தே மாதத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கோய்-கோய் என்ற ஆட்டத்தில் இருவருக்கும் எட்டெட்டுச் சீட்டு, தரையில் எட்டு. கையில் உள்ள ஒன்றை இறக்கி, அதே மாதத்துச் சீட்டு தரையில் இருந்தால் இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். பிறகு கட்டிலிருந்து ஒன்றைத் திருப்பி, அதற்கும் அப்படியே இணை தேட வேண்டும். எடுத்தவற்றில் காட்டுப்பன்றி, மான், பட்டாம்பூச்சி மூன்றும் சேர்ந்தால் 5 புள்ளி. முழுநிலவும் செப்டம்பர் மாதத்து மதுக்கிண்ணமும் சேர்ந்தாலும் 5. இப்படி ஒரு சேர்க்கை அமைந்தவுடன்தான் உண்மையான சோதனை வருகிறது. அங்கேயே நிறுத்திப் புள்ளியை வாங்கிக்கொள்ளலாம். அல்லது 'கோய்-கோய்' என்று சொல்லி ஆட்டத்தைத் தொடரலாம். தொடர்ந்த பிறகு எதிராளி முந்திக்கொண்டால் நமக்கு வந்திருந்ததும் போச்சு.

இந்த ஆட்டத்தை அட்டைச் சீட்டில் கற்க முயன்றவர்களுக்குத் தெரியும், பன்னிரண்டு பூக்களும் மனப்பாடமாகும் வரை அது ஆட்டமே அல்ல, பாடம். குறிப்பாக ஏப்ரலின் விஸ்டேரியாவும் ஜூலையின் செடியும், ஒன்று தலைகீழாகத் தொங்கினாலும், புதியவர் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். கருவியிலோ, கையில் உள்ள சீட்டுக்குத் தரையில் எது இணை என்பதை அதுவே காட்டிவிடுகிறது. எந்தச் சேர்க்கைக்கு எத்தனை புள்ளி என்பதையும் அதுவே கணக்கிடுகிறது. நிறுத்துவதா, தொடர்வதா என்ற ஒரே ஒரு முடிவுதான் நம்மிடம் மிஞ்சுகிறது, அந்த ஆட்டத்தின் உயிரும் அதில்தான் இருக்கிறது. நான் பூக்களைக் கற்றுக்கொண்டது தோற்றுத் தோற்றுத்தான்; புத்தகத்தைத் திறந்து வைத்து அல்ல. ஜப்பானியச் சதுரங்கமான ஷோகிக்கும் இது பொருந்தும். வெட்டிய காயை நம் காயாகவே மறுபடி பலகையில் இறக்கலாம் என்ற விதியால் 81 கட்டங்களிலும் ஆபத்து ஒளிந்திருக்கும் அந்த ஆட்டத்தை, 5-க்கு 5 கட்டம் கொண்ட சிறிய பலகையில் பழகிக்கொண்டு பெரிய பலகைக்குப் போவதற்கு ஸ்விட்ச் தொகுப்பு வழி செய்திருக்கிறது. 136 ஓடுகளை அடுக்கி, முடிவில் புள்ளிக் கணக்குக்காகவே ஒருவரைத் தனியாக உட்கார வைக்க வேண்டிய ஜப்பானிய மாஜோங்கும் அப்படியே.

நம் ஊர் ஆட்டங்களுக்கு நெருக்கமானவற்றில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஸ்விட்ச் தொகுப்பின் முதல் ஆட்டமே மன்காலா. பல்லாங்குழியின் உறவுக்கார ஆட்டம். திரையைக் கிடத்திவைத்து அம்மாவிடம் கொடுத்தேன். பக்கத்துக்கு ஆறு குழி, குழிக்கு நான்கு காய், ஓரத்தில் ஆளுக்கொரு பெரிய குழி. அம்மா முதலில் கேட்டது, "ஏழாவது குழி எங்கடா?" என்பதைத்தான். ஒரு குழியைத் தொட்டதும் காய்கள் தாமாகவே வரிசையாக விழுந்து, கடைசிக் காய் விழுந்த இடத்தில் ஆட்டம் எதிராளிக்குப் போய்விட்டது. "அடுத்த குழியில காய் இருக்கே, எடுத்துப் போட விடாம ஏன் நின்னுடுச்சு?" என்றார். பல்லாங்குழியில் கை ஓயாது. அடுத்த குழிக் காயை அள்ளிப் போட்டுக்கொண்டே போய், வெறுங்குழி வந்தால் அதைத் துடைத்து, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்வதுதான் முறை. நாலு காய் சேர்ந்தால் பசு. இங்கே அந்த ஓட்டம் இல்லை. கடைசிக் காய் தன் பெரிய குழியில் விழுந்தால் மட்டும் இன்னொரு முறை ஆடலாம். அம்மா அதையும் மூன்றாம் ஆட்டத்துக்குள் பிடித்துக்கொண்டு என்னைத் தோற்கடித்தார் என்பது வேறு விஷயம். ஆனால் விரலிடுக்கிலிருந்து ஒவ்வொன்றாகப் புளியங்கொட்டையை நழுவவிடும்போதே எதிர்ப்பக்கத்துக் குழிகளைக் கண்ணால் எண்ணிக்கொண்டிருக்கும் அந்தப் பழக்கத்துக்கு, திரை எந்த வேலையும் கொடுக்கவில்லை. "அதுவே போட்டு, அதுவே எண்ணுது, நான் எதுக்கு?" என்று கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கேரமின் நிலை இன்னும் மோசம். அது தொகுப்பில் இடம்பெற்றிருப்பதைப் பார்த்து முதலில் மகிழ்ந்தேன்; 1996-இல் அர்ஜுனா விருது பெற்ற கேரம் வீரர் மரிய இருதயத்தைப் போன்றவர்கள் வளர்ந்த சென்னையில் தெருவுக்கு ஒரு கேரம் போர்டு இருந்த காலம் எனக்குத் தெரியும். ஆனால் கேரம் என்பது போரிக் பவுடரும், நகத்தின் நுனியில் எடுக்கும் வலியும், பலகையின் எந்த மூலை சற்றே இறங்கியிருக்கிறது என்ற உள்ளூர் அறிவும் சேர்ந்தது. சுமார் 74 செண்டிமீட்டர் சதுரப் பலகையை 6.2 அங்குலத் திரையில் அடக்கும்போது ஸ்ட்ரைக்கர் வெறும் கோணக் கணக்காகிவிடுகிறது. 'ரெட்' எனும் சிவப்புக் காயைப் போட்டுவிட்டு, அதை உறுதிசெய்யும் 'ஃபாலோ' காய்க்கு நடுங்கும் விரல், அங்கே நடுங்க வேண்டிய அவசியமே இல்லை. கருவி வாங்கிக்கொண்டது சுமையை அல்ல, ஆட்டத்தையே.

சீட்டாட்டங்களுக்கு வருவோம். இங்கேதான் பழைய டிஎஸ் புதிய ஸ்விட்சை வெல்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஸ்விட்ச் அடிப்படையில் ஒரு மேசை. நடுவில் கிடத்தி இருவர் எதிரெதிரே அமர்ந்து சதுரங்கம் ஆடச் சிறப்பானது. ஆனால் சீட்டு என்றால் கையை மறைத்துக்கொள்ள வேண்டுமே! ஒரே திரையில் அது நடக்காது. ஆளுக்கொரு கருவி வேண்டும். விலையைப் பார்க்கும்போது நாலு ஸ்விட்ச் உள்ள வீடு எத்தனை இருக்கும்? டிஎஸ்ஸோ இயல்பிலேயே ஒருவர் கையில் பிடித்துத் தன் பக்கம் மட்டும் பார்க்கும் பொருள். ஆட்டம் பதிந்த சில்லு, அதாவது கேட்ரிட்ஜ், ஒன்றே ஒன்று இருந்தால் போதும், எட்டுப் பேர் வரை தத்தம் கருவியில் கம்பியில்லாமல் இணைந்துகொள்ளலாம். அதோடு, ஆளுக்கொரு சீட்டு இறக்கிப் பெரிய சீட்டுக்காரர் எடுத்துக்கொள்ளும் வகை ஆட்டங்கள் — ஹார்ட்ஸ், ஸ்பேட்ஸ், காண்ட்ராக்ட் பிரிட்ஜ் — அதில் உண்டு. ரம்மியும் உண்டு. 51 ஆட்டங்கள் கொண்ட புதிய தொகுப்பில் இவை ஒன்றுகூட இல்லை. அதற்குப் பதிலாகப் பொம்மைக் குத்துச்சண்டையும் மீன்பிடிப்பும் இருக்கின்றன. துருப்பு கேட்டு ஆடிப் பழகியவர்களுக்கு இது எத்தகைய ஏமாற்றம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டிஎஸ் தொகுப்பில், பொய் சொல்லிச் சீட்டைக் கவிழ்த்து வைக்கும் ஆட்டம் ஒன்று உள்ளது. 'மூன்று ராஜா' என்று அறிவித்துவிட்டு வேறெதையோ தள்ளிவிடுவதுதான் அதன் சாரம். கருவியோடு தனியாக ஆடும்போது அதற்கு முகம் இல்லை. கண்டுபிடிப்பதும் கண்டுபிடிக்காததும் வெறும் குலுக்கல் போலத் தோன்றுகிறது. அதையே ரயிலில் மைத்துனரும் அவர் மகளும் எதிரில் உட்கார்ந்து ஆடியபோது, மூவரும் திரையைப் பார்க்காமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தச் சிறுமி பொய் சொல்லும்போதெல்லாம் திரையைத் தொடும் குச்சியான ஸ்டைலஸின் முனையைக் கடிப்பாள். அவள் தந்தைக்கு அது சேலம் தாண்டும் வரை தெரியவில்லை.

கருவியே எதிராளியாக இருக்கும்போது ஸ்விட்ச் தொகுப்பில் நான்கு நிலைகள் உண்டு. சதுரங்கத்தில் கடைசி நிலை என் போன்றவர்களை இருபது நகர்த்தல்களுக்குள் மூட்டை கட்டிவிடும். லூடோவில் நிலையை எவ்வளவு ஏற்றினாலும் பகடை பகடைதான். இருந்தும் கருவிக்கு ஆறு விழும்போதெல்லாம் அது ஏமாற்றுகிறது என்று நம் வீட்டில் எவராவது சொல்லாமல் இருப்பதில்லை. தாயக்கட்டையை உருட்டும்போது கட்டை சாய்ந்துவிட்டது, பாயில் பட்டது, மறுபடி உருட்டு என்று சண்டை போட ஓர் இடம் இருந்தது. இங்கே முறையிட யாரும் இல்லாததால் சந்தேகம் மொத்தமும் கருவியின் தலையில் விழுகிறது.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். டிஎஸ் கருவிகளுக்கான நிண்டெண்டோவின் இணையச் சேவை 2014 மே 20 அன்று நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய தொகுப்பில் தொலைவில் உள்ளவர்களோடு ஆடும் வசதி அன்றோடு போயிற்று. பக்கத்தில் உள்ளவர்களோடு இணைவதற்கு எந்தச் சேவையும் தேவையில்லை என்பதால் அது இன்றும் நடக்கிறது. டிஎஸ் கேட்ரிட்ஜுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது. ஐரோப்பியப் பதிப்பு, அமெரிக்கப் பதிப்பு எது கைக்குக் கிடைத்தாலும் ஓடும். ஜப்பானியப் பதிப்பு மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்துவிட வேண்டாம். விதிகள் எல்லாம் ஜப்பானிய மொழியில்தான் இருக்கும், பிரிட்ஜை அப்படிக் கற்பது எவருக்கும் நடக்கிற காரியம் அல்ல.