குப்பியில் என்ன இருந்தது? என் மீசோதெரபி அனுபவம்

டெங்குக் காய்ச்சல் மாறி இரண்டரை மாதம் கழிந்த பிறகு எனக்குத் தலைமுடி கொட்டத் தொடங்கியது. ஒவ்வொரு முழுக்குக்குப் பின்னும் குளியலறைத் துவாரத்திலிருந்து ஒரு கைப்பிடி முடி அள்ள வேண்டியிருந்தது. சித்தி கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சித் தந்தார். எனக்கோ பொறுமை இல்லை. கல்லடியிலிருந்து பாலத்தைக் கடந்து, மட்டக்களப்பு நகரிலுள்ள ஓர் அழகு சிகிச்சை நிலையத்துக்குப் போனேன்.

இரண்டு வாரத்துக்கு ஒன்றாக ஆறு மீசோதெரபி அமர்வுகள் என்று சொல்லி 36,000 ரூபாயை முற்பணமாக வாங்கிக்கொண்டார்கள். மரக்கச் செய்யும் களிம்பைப் பூசி முக்கால் மணி நேரம் வைத்திருந்த பிறகு, 4 மில்லிமீற்றர் நீளமான மெல்லிய ஊசியால் நெற்றியோரம் தொடங்கி உச்சி வரை ஏறத்தாழ ஒரு சென்றிமீற்றர் இடைவெளியில் குத்திக்கொண்டே போனார்கள். உச்சியைவிட நெற்றியோரம்தான் கூடுதலாக வலித்தது. தட்டில் ஒரு சிறு குப்பி, சுட்டுத்துண்டு பாதி உரிந்த நிலையில், கவிழ்ந்து கிடந்தது. என்ன மருந்து என்று கேட்டதற்கு, "வைற்றமின் கொக்டெயில் மிஸ்" என்று பதில் வந்தது. வெள்ளை மேலங்கி அணிந்திருந்தவரை வைத்தியர் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் உச்சந்தலையில் கடலை அளவில் இரண்டு சிவந்த கட்டிகள் எழும்பின. நிலையத்தில் ஐஸ் வைக்கச் சொன்னார்கள். நான் போதனா வைத்தியசாலையின் தோல் சிகிச்சைப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த வைத்தியர் கட்டியைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னரே, "மகள், ஊசியில என்ன மருந்து போட்டாங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

மீசோதெரபி என்பது ஒரு மருந்தின் பெயரல்ல, தோலின் நடுப்படைக்குள் சிறு சிறு அளவாக மருந்தைச் செலுத்தும் முறையின் பெயர் என்பதை அவர்தான் விளக்கினார். 1952இல் பிரான்ஸில் மிஷெல் பிஸ்டோர் என்ற வைத்தியர் தொடங்கிய இம்முறைக்கு இன்றுவரை எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரே கலவை கிடையாது. முகத்துக்கு ஹயலுரோனிக் அமிலம் செலுத்தினால் சில மாதங்களுக்குத் தோலில் ஈரப்பசை கூடலாம். பரம்பரை வழுக்கைக்கு டூட்டாஸ்டரைட் என்ற மருந்தின் ஊசி ஓரளவு பயன் தந்ததைச் சிறிய ஆய்வுகள் காட்டியுள்ளன. வைற்றமின் கலவைகளுக்கோ வலுவான ஆதாரம் இல்லை. ஆகவே "மீசோ நல்லதா?" என்ற கேள்விக்கு, உள்ளே போவது எது என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. சுத்தம் குறைந்தால் காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகள் வாரக்கணக்கில் மறைந்திருந்து கட்டியாக எழும்பக்கூடும் என்றும், அவற்றுக்கு மாதக்கணக்கில் மருந்து எடுக்க நேரும் என்றும் சொல்லி, கட்டியிலிருந்து நீர் எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினார்.

குப்பியின் பெயரைப் பெற எனக்கு ஐந்து நாள் ஆனது. கடைசியில் வாட்ஸ்அப்பில் பெட்டியின் படம் வந்தது: டூட்டாஸ்டரைட். வைத்தியரின் முகம் மாறியதை அப்போதுதான் பார்த்தேன். கருவிலுள்ள ஆண் குழந்தையின் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடிய மருந்து அது. நாங்களோ இரண்டாவது பிள்ளைக்கு முயன்றுகொண்டிருந்தோம். நிலையத்தில் இதைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் கேட்டிருக்கவில்லை. கர்ப்பப் பரிசோதனையில் இல்லை என்று வந்தது. உடலை விட்டு மெதுவாகவே நீங்கும் மருந்து என்பதால், ஆறு மாதம் பொறுக்கும்படியும் அதுவரை இரத்ததானம் செய்ய வேண்டாம் என்றும் சொன்னார்.

வளர்ப்புச் சோதனையில் கிருமி எதுவும் வளரவில்லை. கட்டிகள் இரண்டு மாதத்தில் வற்றின. இரத்தப் பரிசோதனையில், உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் 9 மட்டுமே இருந்தது. கடுங்காய்ச்சலுக்குப் பின் இரண்டு மூன்று மாதத்தில் முடி கொட்டுவதும் பெரும்பாலும் தானாகவே மீள்வதும் வழமையாம். எனக்குத் தேவைப்பட்டவை இரும்புச்சத்து மாத்திரையும் காத்திருப்பும்தான். ஐந்தாம் மாதம் நெற்றியோரத்தில் குட்டை முடிகள் நிமிர்ந்து நின்றன.

இலங்கை மருத்துவ சபையின் பதிவுப் பட்டியலில் அந்த வெள்ளை மேலங்கிக்காரரின் பெயரைத் தேடினேன், இல்லை. அந்தத் தேடலுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஊசிக்கு முன் செய்திருக்க வேண்டும். மீதிப் பணத்தை மூன்று தவணையாகத் திருப்பித் தந்தார்கள். அந்த ஆறு மாதத்துக்குள் எங்கள் பாடசாலையில் இரத்ததான முகாம் நடந்தது, பொறுப்பாசிரியை நான்தான். "மிஸ், நீங்க குடுக்கல்லையா?" என்று உயர்தர வகுப்புப் பிள்ளைகள் கேட்டார்கள். அடுத்த முகாமில் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் பெயர்ப் பட்டியலைப் புரட்டினேன்.