கேம் ஆய்வு மாணவராக ‘சர்வீஸ்’ செய்தபோது

வீடியோ கேம்களைப் பற்றிய ஆய்வு சின்னத் துறை. கேம் ஆய்வாளர்களின் சர்வதேசச் சங்கமான டிக்ரா (DiGRA) தொடங்கியது 2003-இல். கேம் ஆய்வுக்கான சிஎச்ஐ பிளே (CHI PLAY) மாநாடு 2014-இல்தான் வந்தது. ஆள் குறைவு என்பதால் ‘சர்வீஸ்’ எனப்படும் துறைக்கான பொது வேலைகள் முனைவர் பட்ட மாணவர்களிடமே சீக்கிரம் வந்து சேரும். எனக்கும் மாநாட்டுத் தன்னார்வலர், கட்டுரை ரிவ்யூ (மாநாட்டுக்கு வரும் கட்டுரைகளை மதிப்பிடுவது), கேம் ஜாம் (குறுகிய நேரத்தில் கேம் உருவாக்கும் நிகழ்வு) ஏற்பாடு என்று மூன்றும் வந்தன. ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்று சொல்லும் ஜூனியர்களிடம், ரிவ்யூவைப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன்.

தன்னார்வலராகச் சேர்ந்தது பதிவுக் கட்டணம் மிச்சமாகுமே என்றுதான். விண்ணப்பங்கள் அதிகமாக இருந்தால் குலுக்கல் போட்டு ஆள் எடுப்பார்கள். பயணமும் தங்குமிடமும் பெரும்பாலும் நம் செலவு, அதைக் கணக்குப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். டெமோ அரங்கில் வேலை கிடைத்தால் அதிர்ஷ்டம். ஒருவர் ஆடி முடித்ததும் கேமை ரீசெட் செய்வது, கன்ட்ரோலருக்குச் சார்ஜ் போடுவது, விஆர் ஹெட்செட்டைத் துடைத்து அடுத்தவருக்குக் கொடுப்பது, அவ்வளவுதான். அதுவரை கட்டுரைகளில் பெயராக மட்டும் பார்த்தவர்கள் நம் எதிரிலேயே நின்று தோற்றுக்கொண்டிருப்பார்கள். பேச்சுக் கொடுக்க அதைவிட நல்ல நேரம் ஏது?

ரிவ்யூ வேலை என் ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு மூலமாக வந்தது. தனக்கு வந்த கட்டுரையை என்னிடம் தருவதற்கு முன்பு மாநாட்டுக் கமிட்டியிடம் அனுமதி கேட்டு, என் பெயரையும் பதிவு செய்தார். மாணவர் எழுதும் ரிவ்யூ சத்தமில்லாமல் கைடு பெயரில் போவதும் சில இடங்களில் நடக்கிறது. அதற்குச் சம்மதிக்காதீர்கள். கட்டுரை ரகசியம் என்பதால் ஏஐ சாட்பாட்டில் போட்டுச் சுருக்கம் கேட்கும் வேலையும் வேண்டாம்.

எழுதியவர் யாரென்று தெரியாமல் படிக்க வேண்டும் என்பது விதி. கேம் விஷயத்தில் இது கொஞ்சம் வேடிக்கை. கட்டுரையில் பெயரை எடுத்திருப்பார்கள், கூடவே அனுப்பிய வீடியோவில் ஆய்வகத்தின் லோகோ பளிச்சென்று ஓடும். கேமின் பெயரைத் தேடினாலே உருவாக்கியவர் யாரென்று தெரிந்துவிடும். ரிவ்யூ எழுதி முடிக்கும்வரை தேடாமல் இருப்பேன். தெரிந்தவர் என்றோ ஒரே கல்வி நிறுவனம் என்றோ புரிந்துவிட்டால் உடனே பொறுப்பாளருக்குச் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் உள்ளடக்கம். ‘ஆடியவர்களுக்குப் பிடித்திருந்தது’ என்பதைத் தாண்டாத கட்டுரைகள் நிறைய வரும். ஆடியவர்கள் யார், எழுதியவரின் வகுப்புத் தோழர்களா? எதோடு ஒப்பிட்டார்கள்? ஆடியவர்களின் அனுபவத்தை அளக்க எந்தக் கேள்வித்தாள், அதை ஏன் எடுத்தார்கள்? கேம் அனுபவத்தை அளக்கும் ஜிஈக்யூ (GEQ) என்ற கேள்வித்தாளைப் பலரும் பழக்கத்தில் எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அது தனித்தனியாக அளப்பதாகச் சொல்லும் கூறுகள் பதில்களில் அப்படிப் பிரிந்து நிற்கவில்லை என்று 2018-லேயே சிஎச்ஐ பிளேயில் ஓர் ஆய்வு காட்டிவிட்டது. இப்படி அடுத்தவர் கட்டுரையில் கேட்டுக் கேட்டே, என் சொந்த ஆய்வுத் திட்டத்தில் ஒரு முழுப் பகுதியைத் திருத்தி எழுதினேன்.

நாம் எழுதி அனுப்பிய பிறகு மற்றவர்களின் ரிவ்யூ திறக்கும். பாதிப் பேர் அதைப் படிப்பதே இல்லை, எனக்கு அதுதான் பாடமே. ஒரு கட்டுரையில் நான் புள்ளியியலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, இன்னொருவர் ஒரே வரியில் கேட்டிருந்தார்: இரண்டு குழுவுக்கும் டுடோரியல் (ஆடக் கற்றுத்தரும் பகுதி) வேறுவேறாக இருந்ததே, முடிவு அதனால் வந்திருக்கலாமே?

ஜாம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குளோபல் கேம் ஜாம் 2009-இலிருந்து நடக்கிறது. எங்கள் ஜாமில் 48 மணி நேரத்தில் ஒரு கேம், கருப்பொருள் தொடக்கத்தில்தான் வெளியாகும். நடத்துபவருக்கு கேமைப் பற்றி யோசிக்கவே நேரம் இருக்காது. வைஃபை, பிளக் பாயின்ட், தூங்க ஒரு மூலை, கடைசி நேரத்தில் அப்லோடு ஆகாத ஃபைல்கள், இவைதான் வேலை. சந்தோஷம் என்னவோ அதில்தான் அதிகம். ஆனால் ஆய்வுக்கு வேண்டிய வாரங்களை விழுங்கிவிடுகிறது. ஆய்வேடு எழுதத் தொடங்கியதும் ஜாமை ஜூனியர்களிடம் ஒப்படைத்துவிட்டேன்.

ரிவ்யூவை மட்டும் விடவில்லை. முடியாத மாதத்தில் அழைப்பு வந்தால் அன்றைக்கே மறுத்து, அந்தத் தலைப்பில் வேலை செய்யும் வேறொரு மாணவரின் பெயரைச் சேர்த்து அனுப்பிவிடுவேன்.