“லேபிளைப் படிக்கவில்லை” என்பதோடு விசாரணை முடியக்கூடாது

ஒரு மருத்துவமனை வார்டில், சலைன் என்று நினைத்துப் பொட்டாசியம் குளோரைடை நீர்க்காமல் நோயாளியின் ஐ.வி. லைனில் (சிரைக்குள் மருந்து செலுத்தும் குழாயில்) தள்ளிவிட்டார்கள். 15 சதவீத 10 மி.லி. ஆம்பூலில் (சிறு மருந்துக் குப்பியில்) 20 மில்லி ஈக்குவலென்ட் பொட்டாசியம் இருக்கிறது. ஒரே மூச்சில் உள்ளே போனால் இதயம் நின்றுவிடும். அறிக்கையில் காரணம், “நர்ஸ் லேபிளைப் படிக்கவில்லை”. நடவடிக்கை, மறுபயிற்சி. ஆனால் அந்த ஆம்பூல் இன்னும் அதே டிரேயில் கிடக்கிறது.

முதல் சில மணி நேரம்தான் முக்கியம். காலி ஆம்பூல், சிரிஞ்ச், பம்ப் எதையும் கழுவவோ தூக்கிப் போடவோ விடாதீர்கள். யாராவது அடுக்கி வைப்பதற்குள் டிரேயைப் படம் எடுங்கள். சம்பந்தப்பட்டவர்களிடம் தனித்தனியாக, ஓரிரு நாளுக்குள் பேசுங்கள். “ஏன் பார்க்கவில்லை?” என்று கேட்டால் மன்னிப்புதான் பதிலாக வரும். “இந்த மருந்தை வழக்கமாக எப்படி எடுப்பீர்கள், அப்போது வேறென்ன வேலை ஓடிக்கொண்டிருந்தது?” என்று கேளுங்கள். விசாரணைக் குழுவுக்கு நான்கு முதல் ஆறு பேர் போதும். அந்த வார்டின் மேலதிகாரி தலைமை தாங்க வேண்டாம்.

“ஏன்” என்று ஐந்து முறை கேட்கும் முறை ஒரே கிளையில் இறங்கிவிடும். இங்கே கிளைகள் பல. நீர்க்காத அடர் பொட்டாசியம் வார்டில் எதற்கு? கொள்முதலில் பிராண்டு மாறி, இரண்டு ஆம்பூலும் ஒரே உருவத்தில் வந்தனவா? இருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. இரவில் ஒருவர்தானே டியூட்டியில் இருந்தார்? ஒவ்வொரு காரணத்தையும் அது எப்படித் தவறுக்கு வழிவிட்டது என்பதோடு சேர்த்து எழுதுங்கள். “கவனக்குறைவு” என்ற சொல் எதையும் விளக்குவதில்லை.

நடவடிக்கைகளில்தான் விசாரணையின் தரம் தெரியும். பயிற்சி, சுற்றறிக்கை, எச்சரிக்கை ஸ்டிக்கர் எல்லாம் பலவீனமானவை. ஆளின் ஞாபகத்தை நம்பி நிற்பவை. அடர் ஆம்பூலை வார்டிலிருந்தே எடுத்துவிட்டு, முன்பே கலந்த பைகளைத் தருவது வலுவானது. சிரையில் மட்டுமே செலுத்த வேண்டிய வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து தவறுதலாக முதுகுத்தண்டுக்குள் போய் உயிர்கள் பலியானபோதும் வழி இதுதான்: அதைச் சிரிஞ்சில் தராமல் சிறு பையில் கலந்து தரச் சொன்னது உலக சுகாதார நிறுவனத்தின் 2007 எச்சரிக்கை. பையைப் பார்த்து முதுகில் போடும் ஊசி என்று யாரும் நினைக்கமாட்டார்கள்.

ஆம்பூலை எடுத்த பிறகு வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். கலந்த பை ஃபார்மசியிலிருந்து வரத் தாமதமானால் வார்டில் இருப்பவர்கள் ஆம்பூலைப் பதுக்கி வைப்பார்கள். நோயாளிக்காகத்தான் அப்படிச் செய்வார்கள், திட்டிப் பயனில்லை. அடுத்த சில மாதங்கள் வரை, முன்கூட்டியே சொல்லாமல் டிராயர்களைத் திறந்து பாருங்கள், இரவு நேரத்தில் பை வந்துசேர எவ்வளவு நேரமாகிறது என்றும் குறித்து வையுங்கள்.