மேற்படிப்புக்குக் கடன் வாங்குவதற்கு முன் நான் போட்ட கணக்கு

2021 ஆகஸ்டில் என் இளநிலைப் படிப்புக் கடனுக்கான தவணை தொடங்கியபோது, வங்கி கொடுத்த தாளில் இருந்த தொகையைப் பார்த்து, வேறொருவருடைய கணக்கை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். நாங்கள் வாங்கியது ஆண்டுக்கு 80,000 வீதம் நான்கு ஆண்டுகளுக்கு 3,20,000 ரூபாய்; தாளில் இருந்ததோ 4,43,200 ரூபாய். முதுகலைக்கு மீண்டும் கடன் வாங்கலாமா என்ற கேள்வி ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழித்து எங்கள் வீட்டில் எழுந்தபோது, நான் முடிவெடுக்கக் காரணமாக இருந்தது அந்தத் தாள்தான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்று வங்கியில் சொல்வார்கள். அது உண்மை. ஆனால் தவணை இல்லை என்பதற்கு வட்டி இல்லை என்று பொருளல்ல. முதல் ஆண்டுப் பணம் கல்லூரிக்குப் போன நாளிலிருந்தே அதற்கு வட்டி ஓடுகிறது. என் கடனுக்கு வட்டி 11 சதவீதம். முதல் 80,000 ஐந்து ஆண்டுகள் காத்திருந்ததற்கு 44,000, இரண்டாவதற்கு 35,200, மூன்றாவதற்கு 26,400, நான்காவதற்கு 17,600 என்று சேர்ந்த தனிவட்டி 1,23,200 ரூபாய், தவணை தொடங்கும் நாளில் அசலோடு சேர்ந்துகொண்டது. அதன் பிறகு அந்த வட்டிக்கும் வட்டி. ஏழு ஆண்டுகளில் முடிக்க மாதம் 7,589 ரூபாய் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். அப்போது என் சம்பளம் 18,000.

இதைத் தடுக்க வழி இருந்திருக்கிறது என்பதைத் தாமதமாகவே அறிந்தேன். முதல் ஆண்டில் மாத வட்டி 733 ரூபாய்தான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிய என் அப்பாவால் அதைக் கட்டியிருக்க முடியும். நான்காம் ஆண்டில் அது 2,933 வரை ஏறியிருக்கும். சிரமப்பட்டு அதையும் கட்டியிருப்போம். படிக்கும்போதே வட்டியைக் கட்டி வருவோருக்கு ஒரு சதவீதம் வரை வட்டிக் குறைப்புத் தரும் வங்கிகளும் உண்டு. அந்தக் குறைப்பைக் கணக்கில் எடுக்காவிட்டாலும், அசலுக்கு மட்டும் தவணை போட்டிருந்தால் மாதம் 5,479 ரூபாயோடு போயிருக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்படிப்புகளுக்கு, தவணை தொடங்காத காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. எங்கள் வருமானம் அந்த வரம்புக்குள்தான் இருந்தது. கிளையில் அதைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கக்கூடிய ஒரு வருமானச் சான்றிதழை உரிய நேரத்தில் கொடுக்காமல் விட்டதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. அந்தச் சலுகை ஒருவருக்கு ஒருமுறைதான், இளநிலைக்கோ முதுகலைக்கோ. ஆகவே எதற்குப் பயன்படுத்துவது என்பதையும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

2023 தொடக்கத்தில் இங்கிலாந்தில் கட்டமைப்புப் பொறியியலில் ஓராண்டு முதுகலைப் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்தது. கல்விக் கட்டணம், தங்கும் செலவு, விசா, விமானச் சீட்டு எல்லாம் சேர்த்து 32 லட்சம் ஆகும் என்று எழுதிக்கொண்டு வந்தேன். பொதுவாக ஏழரை லட்சம் வரை வங்கிகள் சொத்து ஈடு கேட்பதில்லை. அதற்கு மேல் போனால் கேட்பார்கள். எங்களிடம் இருந்த ஒரே சொத்து கொளத்தூரில் அப்பா பி.எஃப். பணத்தையும் அம்மாவின் நகையையும் போட்டுக் கட்டிய வீடு. நான் கேட்பதற்கு முன்பே அப்பா பீரோவிலிருந்து மூலப்பத்திரம், பட்டா, வரி ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் எடுத்து மேசையில் வைத்துவிட்டார். "நீ போறதுன்னா போம்மா, பத்திரம் இங்க இருந்தா என்ன, பேங்க்ல இருந்தா என்ன" என்றார். அம்மா ஒன்றும் பேசாமல் அந்தப் பையின் காதுகளை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் முழுவதும் இரவில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 11 சதவீத வட்டியில் பத்து ஆண்டுகளுக்கு, ஒவ்வொரு லட்சத்துக்கும் மாதத் தவணை ஏறத்தாழ 1,378 ரூபாய் வரும். இந்த ஒரு எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்தக் கடனையும் நீங்களே அளந்துவிடலாம். 32 லட்சத்துக்கு, படிப்பு ஓராண்டும் அதற்குப் பின் ஓராண்டும் ஓடும் தனிவட்டி 7,04,000 சேர்ந்தால் 39 லட்சத்தைத் தாண்டும். தவணை மாதம் 53,800-ஐ நெருங்கும். பழைய கடனின் 7,589 அதற்கு மேல். அங்கேயே வேலை கிடைத்துவிட்டால் கட்டிவிடலாம். கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஆலோசனை மையத்தில் வெற்றி பெற்றவர்களின் படங்களைக் காட்டினார்கள். நான் அதே படிப்பை முடித்த மூன்று பேரைத் தேடிப் பேசினேன். ஒருவர் அங்கே தம் துறையிலேயே வேலையில் இருந்தார். ஒருவர் அங்காடியில் பகுதிநேர வேலை செய்துகொண்டு விசாவுக்குப் பொறுப்பேற்கும் நிறுவனத்தைத் தேடிக்கொண்டிருந்தார். மூன்றாமவர் சென்னைக்குத் திரும்பி, மாதம் 45,000 சம்பளத்தில் கிண்டியில் வேலை பார்த்தார். அவர் தவணையில் பாதியை அவருடைய அண்ணன் கட்டிக்கொண்டிருந்தார்.

மூவரில் ஒருவருக்கு அமைந்தது எனக்கும் அமையலாம். அமையாமல் போனால் அதன் சுமையை ஏற்க வேண்டியவர் நான் மட்டும் அல்ல. கல்விக் கடனில் பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திடுகிறார்கள். தவணை தவறினால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண் அவர்களுக்கும் இறங்கும். இது ஏட்டளவில் மட்டும் நான் அறிந்ததல்ல. 2022-இல் நான் வேலை பார்த்த நிறுவனத்தில் இரண்டு மாதச் சம்பளம் தாமதமானபோது, வங்கியிலிருந்து அழைப்பு எனக்கு வரவில்லை, ஷிஃப்டில் இருந்த அப்பாவுக்குப் போயிற்று. அவர் யாரிடமோ கைமாற்று வாங்கி, சாப்பாட்டு நேரத்தில் கிளைக்குச் சென்று கட்டிவிட்டு, அன்றிரவு என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. பணம் கட்டிய சீட்டை அவர் சட்டைப்பையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இங்கிலாந்துக்குப் போகவில்லை என்று முடிவு செய்தேன். இங்கேயே முதுகலைப் பொறியியலில் சேருவதற்கான கேட் தேர்வுக்கு ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தேன். அலுவலகம் முடிந்து கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் மூடும் நேரம்வரை உட்கார்ந்து படித்து, 2023 பிப்ரவரியில் எழுதினேன். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் எம்.இ. இடம் கிடைத்தது. கேட் மதிப்பெண்ணோடு சேருவோருக்கு, தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. தரும் உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய். அதில் பழைய கடனுக்கு 7,589 போக மீதி 4,811. கட்டணத்துக்கு என் சேமிப்பு இருந்தது, தங்குவதற்கு வீடு இருந்தது. அந்த இரண்டு ஆண்டுகள் எளிதாகக் கழிந்தன என்று சொல்ல மாட்டேன். உடன் வேலை பார்த்தவர்கள் வெளிநாட்டிலிருந்து படங்கள் அனுப்பும்போது மனம் அலைபாய்ந்த நாள்கள் உண்டு. ஆனால் புதிதாக ஒரு ரூபாய்கூடக் கடன் ஏறவில்லை, மஞ்சள் பை பீரோவுக்கே திரும்பிப் போயிற்று.

இதைப் படித்துவிட்டு, கடன் வாங்கவே கூடாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என் கல்லூரித் தோழி ஐ.ஐ.எம். ஒன்றில் சேர 20 லட்சத்துக்கு மேல் கடன் வாங்கினாள். அது சரியான முடிவு என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். முன்னணி நிறுவனங்களுக்கு வங்கிகள் தனிப்பட்டியல் வைத்திருப்பதால் அவளிடம் வீட்டுப் பத்திரம் எதையும் வங்கி கேட்கவில்லை. அவள் சேரும் முன் பார்த்தது விளம்பரத்தில் வரும் உச்சச் சம்பளத்தை அல்ல, சராசரியையும் அல்ல. நான்கைந்து பேர் பெரும் சம்பளம் வாங்கினாலே சராசரி ஏறிவிடும். வரிசையில் நடுவில் நிற்பவர் வாங்கும் சம்பளத்தைத்தான் பார்த்தாள். மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். என்ற கல்லூரித் தரவரிசைக்குக் கல்லூரிகள் கொடுக்கும் தரவில் வேலை பெற்றோர் எண்ணிக்கையும் இந்த இடைநிலைச் சம்பளமும் இருக்கும். அதைக் கல்லூரிகள் தங்கள் இணையதளத்திலேயே வெளியிட வேண்டும். நீங்கள் சேர நினைக்கும் கல்லூரியின் அந்தப் பக்கத்தைத் திறந்து, படித்து முடித்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். நடுவில் நிற்பவரின் மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் தவணை அடங்குமானால் துணிந்து வாங்கலாம் என்பது என் கருத்து. அடங்காவிட்டால், கடன் தொகையைக் குறைக்க வழி தேடுங்கள், அல்லது ஓராண்டு வேலை பார்த்துச் சேமித்துவிட்டுப் போங்கள்.

விண்ணப்பிக்கும் முன் பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தையும் பார்த்துவிடுங்கள். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற இத்திட்டத்தில், பட்டியலில் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் சேருவோருக்குச் சொத்து ஈடோ பிணையோ இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருந்து, அரசின் வேறு உதவித்தொகையோ வட்டிச் சலுகையோ பெறாதவராக இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்காத காலத்து வட்டி விகிதத்தில் 3 சதவீதப் புள்ளிகளை அரசு ஏற்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேருவோர், முன்பணம் கட்டுவதற்கு முன்பே, அந்த இடத்துக்குக் கடன் உண்டா என்று வங்கியில் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. கட்டும் வட்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை வருமான வரிக் கழிவு உண்டு; ஆனால் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்குத்தான். அதைப் பெரிய ஆதாயமாக நினைத்து யாரும் கடன் தொகையை ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

என் சித்தப்பா மகன் 2025-இல் பி.இ. சேர்ந்தான். கடன் விண்ணப்பத்தோடு வருமானச் சான்றிதழை முதல் நாளே வைத்தோம். முதல் ஆண்டுக்கு 90,000 ரூபாய், 10 சதவீத வட்டி. மாதம் 750 ரூபாய் வட்டியைச் சித்தப்பா கட்டி வருகிறார். வட்டிச் சலுகை கிடைத்துவிட்டால் இந்தப் பணம் அசலில் கழியும்படி கேட்டு, கிளை மேலாளரிடம் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு நகலை வாங்கி வைத்திருக்கிறோம்.