அப்பாவின் அரிப்பு

ராத்திரியெல்லாம் அப்பா சீப்பை வைத்து முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். கண் மஞ்சளானதும் காமாலை என்று 15 நாள் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். அந்த 15 நாள் இன்னும் என்னை உறுத்துகிறது. வலியே இல்லாத காமாலை, வெளுத்துப்போன மலம், நாலு மாதம் முன்பு திடீரென்று வந்த சர்க்கரை, தொளதொளத்துப்போன சட்டை. இவற்றைச் சேர்த்துப் பார்க்க எங்களுக்குத் தெரியவில்லை.

சி.டி. ஸ்கேனில் கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி தெரிந்தது. அது பித்தக்குழாயை நெரித்ததால்தான் மஞ்சளும் அரிப்பும். வாய்வழியாக எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் விட்டு, ஊசியால் திசு எடுத்துப் புற்றுநோய் என்று உறுதி செய்தார்கள். இந்தப் புற்றுநோய்க்குப் பார்க்கும் சி.ஏ. 19-9 ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்ப முடியாது. பித்தம் அடைத்தாலே அது ஏறும்.

பெரிய ரத்தக்குழாய்களைக் கட்டி தொடாததால் விப்பிள் அறுவை சிகிச்சை செய்ய முடிந்தது. கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மிச்சத்தைக் குடலோடு இணைப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு இந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. பிறகு ஆறு மாதம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கீமோ.

இப்போது முதல் கவளத்தோடு, சாப்பாடு செரிக்க என்சைம் மாத்திரை போட்டுக்கொள்கிறார். நேற்று ரசம் சாதம் மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.